கைப்பிடியின் இரண்டாம் பட்டை

டென்னிஸ் மட்டையின் கைப்பிடி உருண்டையானது என்றே, அதைப் பலமுறை கையில் எடுத்தவர்களிலும் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். மேலே சுற்றியிருக்கும் நாடாவை அவிழ்த்துப் பார்த்தால்தான், கோயில் மண்டபங்களில் நிற்கும் எண்பட்டைத் தூணை ஒரு சாணுக்கும் குறைவாகக் குறுக்கிச் செய்ததுபோல் எட்டுப் பட்டைகளுடன் அது அமைந்திருப்பது தெரியவரும். இவ்வமைப்பு அழகு கருதி ஏற்பட்டதன்று. ஆடுபவரின் கண் பந்தை விட்டு அகலக் கூடாது என்பதால், மட்டையின் முகம், அதாவது நரம்புகள் பின்னப்பட்ட பரப்பு, அந்தக் கணத்தில் எத்திசையை நோக்கியிருக்கிறது என்பதைக் கண்ணின் உதவியின்றிக் கை தானாகவே அறிந்தாக வேண்டும். உருண்டைப் பிடியில் அந்த அறிவு கிட்டாது. பட்டைகளின் விளிம்புகள் விரல்களில் மெல்ல உறுத்துவதாலேயே கிட்டுகிறது. நரம்பு என்று இங்கே குறிக்கப்படுவதை ஆட்டக்காரர்கள் 'கட்' என்றே வழங்குவர். முன்னாளில் விலங்கின் குடலிலிருந்து திரிக்கப்பட்டதால் ஏற்பட்ட அப்பெயர், நைலானும் பாலியெஸ்டரும் வந்த பின்னும் மாறவில்லை.

பயிற்சியாளர்கள் இந்த எட்டுப் பட்டைகளுக்கும் எண் கொடுத்திருக்கின்றனர். மட்டையின் முகம் தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி பிடித்துப் பார்த்தால், மேலே கிடைமட்டமாக இருப்பது முதல் பட்டை. வலக்கை ஆட்டக்காரருக்கு அதிலிருந்து வலப்புறமாகச் சரிந்து இறங்குவது இரண்டாவது, பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்பது மூன்றாவது, அதற்குக் கீழே உள்ளடங்கிச் சரிவது நான்காவது, அடியில் கிடப்பது ஐந்தாவது. இடக்கையர் இதே கணக்கை இடப்புறமாக எண்ணிக்கொள்ள வேண்டும். ஆள்காட்டி விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்திலுள்ள அடிமூட்டு எந்தப் பட்டையின்மீது அமர்கிறது என்பதே பிடியின் இலக்கணம். அது இரண்டாம் பட்டையில் அமர்ந்தால் கான்டினென்டல் பிடி. அரிவாளின் காம்பைப் பிடிப்பது இவ்வாறே. மூன்றில் அமர்ந்தால் ஈஸ்டர்ன் பிடி. இது எதிரே நிற்பவரின் கையைக் குலுக்குவது போன்றது. தரையில் தட்டையாகக் கிடக்கும் மட்டையைக் குனிந்து மேலிருந்து எடுத்தால் மூட்டு இன்னும் கீழிறங்கிவிடும். நான்கில் நின்றால் செமி-வெஸ்டர்ன், ஐந்துவரை போனால் வெஸ்டர்ன்.

இப்பெயர்கள் ஊரையும் தரையையும் ஒட்டி வந்தவை. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் பந்து தாழ்வாக எழும் புல்தரைகளில் ஈஸ்டர்ன் பிடியும், மேற்கே கலிஃபோர்னியாவில் பந்து உயர்ந்து எழும் சிமெண்ட் தரைகளில் வெஸ்டர்ன் பிடியும், ஐரோப்பியக் கண்டத்தின் மென்மண் தரைகளில் கான்டினென்டல் பிடியும் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த பில் ஜான்ஸ்டன் 1915இலும் 1919இலும் அமெரிக்கப் பட்டத்தை வென்றது வெஸ்டர்ன் பிடியால். அதே ஜான்ஸ்டன் 1920களில் ஈஸ்டர்ன் பிடி கொண்ட பில் டில்டனிடம் இறுதியாட்டங்களில் மீண்டும் மீண்டும் தோற்றார். டில்டனின் மேன்மைக்குப் பிடி ஒன்றே காரணம் என்பது நியாயமாகாது. எனினும் தாழ்ந்து வரும் பந்துக்கு ஐந்தாம் பட்டையில் இருக்கும் கை எவ்வளவு சிரமப்படும் என்பதைக் குனிந்து முயன்று பார்த்த எவரும் அறிவர்.

பிடியைப் பற்றிப் புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது ஓர் எளிய கணக்கு. எட்டுப் பட்டைகள் ஒரு முழு வட்டத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், கை ஒரு பட்டை நகரும்போது மட்டையின் முகம் ஏறத்தாழ 45 பாகை திரும்பிவிடுகிறது. ஆனாலும் பந்து வலையைத் தாண்டியே போகிறது. ஏனெனில் அந்த 45 பாகையை மணிக்கட்டு வளைந்தும் முழங்கை விலகியும் தோள் தூக்கியும் ஈடுசெய்துவிடுகின்றன. பிடியில் நேர்ந்த பிழை இவ்வாறு உடலின் வேறு உறுப்புகளின் கணக்கில் கடனாக எழுதப்படுவதால், பிழை செய்தவருக்கு அது பிழையாகவே தெரிவதில்லை. கடன் பெருகி முழங்கை வலியாகவோ, எத்தனை ஆண்டு ஆடியும் வலுப்பெறாத சர்வீஸாகவோ வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது; அதற்குள் கை பழகிவிட்டிருக்கும்.

இக்கட்டுரையாளர் இதை நூல்களிலிருந்து கற்றவர் அல்லர். 1979இல், பதின்மூன்றாம் வயதில், திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு நூற்பாலைக் குடியிருப்பில், அலுவலர் மன்றத்திற்குச் சொந்தமான ஒற்றை மண் திடலில் அவருடைய ஆட்டம் தொடங்கிற்று. மாலை ஐந்து மணிக்குமேல் திடல் அலுவலர்களுக்கு உரியது. அதற்குமுன், பள்ளி விட்டு வந்த பின் கிடைக்கும் முக்கால் மணி நேரம் ஊழியர் வீட்டுச் சிறுவர்களுக்கு. சலித்த மண்ணைப் பரப்பி, உருளையால் இறுக்கி, மேலே சாணிக் கரைசல் தெளித்துக் காயவைத்த அத்தகைய திடல்கள் அக்காலத் தென்னிந்தியாவில் பரவலாக இருந்தன. சுண்ணாம்புக் கோடுகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மங்கி, மறுநாள் காலையில் மீண்டும் வெண்மை பெறும். சிறுவர்களிடம் இருந்தது அலுவலர் ஒருவர் கழித்துவிட்ட மர மட்டை. ராக்கெட் என்று யாரும் அதைச் சொன்னதில்லை, டென்னிஸ் பேட் என்பதே வழக்கு. இன்றைய கிராஃபைட் மட்டை 300 கிராமை ஒட்டி நிற்க, அக்கால மர மட்டைகள் 400 கிராமை நெருங்கின. முகத்தின் பரப்போ இன்றுள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. மழைக்காலத்தில் மரம் கோணிக்கொள்ளும் என்பதால், நான்கு மூலையிலும் திருகாணி வைத்த ஒரு மரச்சட்டத்திற்குள் இரவுதோறும் அதை இறுக்கிப் பூட்டிவைக்க வேண்டும். திருகாணியை முறுக்கும் உரிமைக்காகச் சிறுவர்களுக்குள் சண்டை நடந்ததுண்டு.

அவர் மட்டையைப் பிடித்தது தோசைத் திருப்பியைப் பிடிப்பதுபோல. கற்றுக்கொடுக்க ஆளின்றி மட்டையைக் கையிலெடுக்கும் எவரும் ஏறக்குறைய இப்படியே பிடிப்பர். உள்ளங்கை நேரே பார்க்க, மட்டையின் முகமும் அதோடு சேர்ந்து நேரே பார்ப்பதால், பந்தைத் தட்டுவது உள்ளங்கையால் தட்டுவதைப் போலவே எளிதாகத் தோன்றும். மன்றத்தின் பின்சுவரில் அடித்து அடித்து, இரண்டு மாதங்களுக்குள் நூறு பந்துகளைத் தவறவிடாமல் திருப்பும் அளவுக்கு அவர் தேர்ந்துவிட்டார். சர்வீஸ், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் தலைக்கு மேலான அடி, பெரும்பாலும் கட்டத்திற்குள் விழுந்தது. மற்றச் சிறுவர்கள் தோற்றனர். பேக்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்புறம் வரும் பந்தை அடிக்கும் முறை, வந்தபோது மட்டும் முழங்கையை முன்னே நீட்டி, மணிக்கட்டை வளைத்து, எப்படியோ தள்ளிவிடுவார். தவறான பிடி தொடக்கத்தில் கைமேல் பலன் தருவது; புதிதாக ஆடுபவர் அதை விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு அறியாமையைக் காட்டிலும் அந்த வெற்றியே பெருங்காரணம் என்பதை அப்பருவத்தின் நினைவு இன்றும் உறுதிப்படுத்துகிறது.

மன்றத் திடல்களில் மார்க்கர் என்றொரு பணி உண்டு. திடலைப் பெருக்கி, நீர் தெளித்து, கோடு போட்டு, வலை கட்டி, ஆட்டத்திற்கு ஓர் ஆள் குறைந்தால் அலுவலரோடு நின்று ஆடிக்கொடுப்பவர் அவர். பட்டம் பெற்ற பயிற்சியாளர் அல்லர், ஆனால் பல ஊர்களில் டென்னிஸைக் கற்பித்தவர்கள் இம்மார்க்கர்களே. இந்த ஆலையின் மார்க்கர் இளமையில் சென்னையில் பந்து பொறுக்கிப் போடும் பையனாக இருந்தவர். சிறுவர்கள் அவரை அண்ணாச்சி என்று அழைத்தனர். ஒரு நாள் கோடு போட்டுக்கொண்டிருந்தவர், சுவரில் அடித்துக்கொண்டிருந்த சிறுவனை அழைத்து, சுண்ணாம்பு வாளியில் விரல் நுனியைத் தோய்த்து, அவனுடைய ஆள்காட்டி விரலின் அடிமூட்டில் ஒரு பொட்டு வைத்தார். "இப்பம் எப்பவும்போல புடிச்சுட்டுக் கைய எடு, தம்பி" என்றார். கையை எடுத்தபோது, வியர்வையில் கறுத்திருந்த தோல் நாடாவின்மேல், நான்காம் பட்டையின் அடிவிளிம்பில் வெண்பொட்டு விழுந்திருந்தது. அண்ணாச்சி அதைத் துடைக்கவில்லை, தம் விரலால் இரண்டாம் பட்டையில் இன்னொரு பொட்டு வைத்து, "சர்வீஸ் போடணும்னா மூட்டு இங்க இருக்கணும். அங்க இருந்தா பந்த ஊட்டி விடலாம், அடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தொடரப் போய்விட்டார். இரண்டு பொட்டுகளுக்கும் இடையே இருந்த தொலைவு இரண்டு விரற்கடைகூட இராது.

அந்தத் தொலைவைக் கடக்க நான்கு மாதங்கள் ஆயின. கான்டினென்டல் பிடியில் சர்வீஸ் செய்யும்போது மட்டையின் விளிம்புதான் பந்தை நோக்கி மேலே ஏறுகிறது. உயரக் கிளையை அரிவாளால் வெட்டப் போகும் கை, கடைசிக் கணத்தில் உள்ளங்கையை வெளிப்புறமாகத் திருப்பிக்கொள்வதுபோல, முன்கை உருண்டு முகத்தைப் பந்தின்மேல் கொண்டுவர வேண்டும். தோசைத் திருப்பிப் பிடியில் முகம் தொடக்கத்திலிருந்தே வானத்தைப் பார்த்திருப்பதால் இந்தச் சுழற்சிக்கு இடமே இல்லை. பந்து உந்தித் தள்ளப்படுமேயன்றி வீசி அடிக்கப்படுவதில்லை. சுழற்சி கைவராத புதியவர் இரண்டாம் பட்டைக்கு மாறினால், மட்டை பந்தைச் சீவிச் சென்று, வலக்கையருக்குப் பந்து இடப்புறமாக விலகிப் பறக்கும். இக்கட்டுரையாளரின் பந்துகள் நாள்தோறும் திடலின் இடப்புற வேலியோரமிருந்த அரளிச் செடிகளுக்குள் போயின. முன்பு தோற்ற சிறுவர்கள் இப்போது வென்றனர். பழைய பிடிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு மாலையும் எழுந்தது. அண்ணாச்சி பார்க்கிறாரோ என்ற கூச்சமே பல நாள் அதைத் தடுத்தது.

கை எங்கே அமர்கிறது என்பதற்கு அடுத்து, எவ்வளவு இறுக்கத்தோடு அமர்கிறது என்ற வினா வருகிறது, இரண்டாவதே கடினமானது. பந்து நரம்புகளின்மீது தங்கியிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு. அதற்குள் கை எதையும் திருத்திவிட முடியாது. செய்ய வேண்டியவை யாவும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். புதியவர்கள் இந்த அச்சத்தாலேயே பிடியை முழு நேரமும் நெரிக்கின்றனர். நெரித்த விரல்கள் மணிக்கட்டைக் கட்டிவிடுகின்றன, கட்டுண்ட மணிக்கட்டு தோளைக் கட்டிவிடுகிறது, மட்டை தன் எடையால் வீசிச் செல்ல வேண்டிய இடத்தில் தசையால் இழுக்கப்படுகிறது. அண்ணாச்சி இதற்குச் சொன்ன உவமை அக்குடியிருப்பின் கிணற்றிலிருந்து எடுத்தது: "கெணத்துல தண்ணி எறைக்கையில கயித்த எந்நேரமுமா நெரிச்சுப் புடிச்சிருக்க? இழுக்கையில புடிக்க, மாத்துகையில விடுத. அதான் இது." பயிற்சியாளர்கள் இன்று இறுக்கத்தை ஒன்று முதல் பத்துவரை அளவிட்டு, காத்திருக்கும்போது மூன்று அல்லது நான்கு போதும், பந்து படும் கணத்தில் அது தானே உயர்ந்துகொள்ளும் என்பர். எண் விளங்காதவருக்கும் கயிறு விளங்கும்; ஆனால் கிணற்றில் இறைத்த கைகள் அருகிவரும் காலத்தில் அந்த உவமைக்கும் விளக்கம் தேவைப்படுகிறது.

தளர்ந்த பிடியின் இன்னொரு பயன், பிடியை மாற்றிக்கொள்ள முடிவது. ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கைப்பக்கத்து அடி, ஒரு பட்டையைக் கேட்கிறது. ஒற்றைக்கைப் பேக்ஹேண்ட் முதல் பட்டையைக் கேட்கிறது. வலையருகே நின்று பந்து தரையில் விழுமுன் தடுத்தாடும் வாலிக்குப் பிடி மாற்ற நேரமே இராது என்பதால் இருபுறத்துக்கும் இரண்டாம் பட்டையே பொது. இம்மாற்றங்களைச் செய்வது வலக்கை அன்று, இடக்கை என்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும். மட்டையின் முகமும் பிடியும் சேரும் கழுத்தை இடக்கை பற்றியிருக்க, வலக்கை விரல்களைச் சற்றே விரித்துக்கொடுக்க, இடக்கை மட்டையைத் திருப்பிவிடுகிறது. பிறகே வலக்கை மூடிக்கொள்கிறது. ஆலையின் சுற்றுச்சுவரை ஒட்டிய நடைபாதையில், கண்களை மூடிக்கொண்டு நடந்தபடியே இதைச் செய்யுமாறு அண்ணாச்சி பணிப்பார். பின்னால் வந்துகொண்டே "ரெண்டு… மூணு… ஒண்ணு… மூணு" என்று அவர் சொல்லச் சொல்ல, கை பட்டையைத் தேடிச் சேர வேண்டும். உட்புறம் ஆலை இயந்திரங்களின் இரைச்சல், கையில் தோல் நாடாவின் பிசுபிசுப்பு, விரலடியில் விளிம்பு வந்து நிற்கும் மெல்லிய உறுத்தல். பிற்காலத்தில் கண்ட எந்தப் பயிற்சி முறையும் இதனினும் சிறந்ததென்று இக்கட்டுரையாளருக்குத் தோன்றியதில்லை.

அதே இடக்கையே உடலைத் திருப்புவதற்கும் கருவியாகிறது. புதியவர்கள் பந்து வருவதைக் கண்டதும் கையை மட்டும் பின்னே கொண்டுபோய், மார்பு வலையைப் பார்த்தபடியே நின்று அடிப்பர். இடக்கை மட்டையின் கழுத்தை விடாமல் பற்றியபடி மட்டையோடு சேர்ந்து பின்னே போனால், தோள்கள் இரண்டும் திரும்பாமல் இருக்க முடியாது. தோள் திரும்பிய பின்னரே இடக்கை விலகிப் பந்தை நோக்கி நீள வேண்டும். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் அதே நொடியில் இரு கால்களையும் மெல்லத் தூக்கி ஊன்றும் சிறு துள்ளலும் இவ்வாறே சிறிதாகத் தோன்றிப் பெரிதாக உதவுவது. ஊன்றிய பாதம் எத்திசைக்கும் ஓடத் தயாராகிவிடுகிறது. பந்தைச் சந்திக்கும் இடமும் பிடியைப் பொறுத்தது. ஈஸ்டர்ன் பிடிக்கு இடுப்பளவு உயரத்தில், முன்காலுக்குச் சற்று முன்னே. செமி-வெஸ்டர்னுக்கு அதைவிட உயரத்தில், இன்னும் முன்னே. கான்டினென்டலில் தாழ்வாகவும் சற்றுப் பின்னேயும் சந்திக்க நேரும். பந்து உடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பிறகு அடிப்பவரிடம் முன்னே அடிக்குமாறு பலமுறை சொல்லியும் பயனின்றிப்போவதற்கு, அவர் பிடித்திருக்கும் பட்டையே சில சமயம் காரணமாக இருக்கும்.

அண்ணாச்சிக்கு ஆதர்சம் ராமநாதன் கிருஷ்ணன். நாகர்கோவிலில் 1937இல் பிறந்து, தந்தை டி. கே. ராமநாதனிடமே பயின்று, 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும், 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதியையும் எட்டிய அவருடைய ஆட்டம் வலிமையால் அன்றி மென்மையால் பெயர்பெற்றது. இடிபோன்ற சர்வீஸ் இன்றி அவ்வளவு தூரம் சென்றவர் என்பதே, நெரிக்காத கையே போதும் என்ற அண்ணாச்சியின் வாதத்துக்கு ஆதாரம். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணன் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றது அதே 1979இல்தான். செய்தித்தாளில் வந்த ரமேஷின் படத்தை அண்ணாச்சி வெட்டி, வலைக் கம்பத்துக்கு அருகிலிருந்த கருவி அறையின் கதவில் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்தார். சிறுவர்கள் அதில் முகத்தைப் பார்த்தனர், அவர் கையைப் பார்க்கச் சொன்னார்.

கைப்பிடியின் பருமன் பற்றி ஆலைத் திடலில் எவரும் பேசியதில்லை. கிடைத்த மட்டையே மட்டையாக இருந்தது. அதற்கான விலையை இக்கட்டுரையாளர் 1992இல் சென்னையில் கொடுத்தார். முதல் சம்பளங்களைச் சேர்த்து ஒரு கடையில் கிராஃபைட் மட்டை வாங்கியபோது, எடையையும் நிறத்தையும் பார்த்தாரேயன்றிப் பிடியைச் சுற்றளவு பார்த்து வாங்கவில்லை, விற்றவரும் கேட்கவில்லை. பிடியின் சுற்றளவு அங்குலத்தில் கணக்கிடப்படும். வயதுவந்தோருக்கு 4 1/8 முதல் 4 1/2 வரை, பழைய வாய்ப்பாட்டில் சொன்னால் நாலே அரைக்கால் முதல் நாலரை வரை, அரைக்கால் அரைக்காலாக உயரும் அளவுகள் கடைகளில் பொதுவாகக் கிடைக்கின்றன. உள்ளங்கையின் நடுரேகையிலிருந்து மோதிர விரலின் நுனிவரை அளந்தால் ஏறத்தாழ உரிய சுற்றளவு தெரியும். அல்லது ஈஸ்டர்ன் பிடியில் மட்டையைப் பற்றி, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் இடையே மறுகையின் ஆள்காட்டி விரல் நெருக்கமின்றி நுழைகிறதா என்று பார்க்கலாம். விரல் நுழையாவிட்டால் பிடி மெலிது, இடம் மிஞ்சினால் பிடி தடித்தது. அவர் வாங்கியது மெலிந்த பிடி. மெலிந்த பிடி பந்தின் அதிர்ச்சியில் கைக்குள் சுழல முயலும். அதைத் தடுக்கக் கை மேலும் மேலும் நெரிக்கும். பதினொரு மாதங்களில் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் ஒரு வலி தங்கியது; தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலும், கதவின் தாழ்ப்பாளைத் திருகினாலும் சுரீரென்றது.

டென்னிஸ் முழங்கை என்று மக்களும், லேட்டரல் எபிகாண்டிலைட்டிஸ் என்று மருத்துவர்களும் குறிப்பது இதுவே. மணிக்கட்டைப் பின்னோக்கித் தூக்கும் தசைகளின் நாண்கள் முழங்கையின் வெளிமுனை எலும்பில் வந்து பற்றுகின்றன. விரல்கள் எதையாவது இறுக்கும்போதெல்லாம் மணிக்கட்டை நிலைநிறுத்த அத்தசைகளும் சேர்ந்து உழைப்பதால், நெரிப்பு மிகுந்த கையில் அந்நாண்கள் ஓய்வின்றி இழுபட்டு நைகின்றன. தாமதமாக, மணிக்கட்டை வளைத்து அடிக்கும் பேக்ஹேண்ட் அதை மேலும் பெருக்கும். ஏழு மாதங்கள் மட்டையைத் தொடாமல் இருந்தபின், மெல்லிய மேல்நாடா ஒன்றைச் சுற்றிப் பிடியைத் தடிக்கச் செய்து அவர் திரும்பினார். ஒரு மேல்நாடா பிடிக்குக் கூட்டும் பருமன் ஏறத்தாழ ஒரு மாகாணி, அதாவது அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு, அவ்வளவே. சென்னையின் ஈரக்காற்றில் அந்நாடா நனைந்து வழுக்கத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும் என்பது புதியவர்கள் சிக்கனம் கருதித் தவறவிடும் செய்தி. வழுக்கும் பிடியும் மெலிந்த பிடியைப் போலவே நெரிக்கத் தூண்டும்.

நுங்கம்பாக்கத்தின் டென்னிஸ் அரங்கில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடைபெற்ற சென்னை ஓப்பன், தொலைக்காட்சியில் மட்டுமே கண்டிருந்த கைகளைச் சில முழத் தொலைவில் காணும் வாய்ப்பை நகரத்துக்கு அளித்தது. ஆட்டத்தைவிடப் பயிற்சித் திடல்களே கற்பவருக்குப் பயன்பட்டன. 1998இல் பட்டம் வென்ற பேட்ரிக் ராஃப்டர், சர்வீஸ் செய்துவிட்டு உடனே வலையை நோக்கி ஓடுபவர். சர்வீஸிலிருந்து வாலிவரை அவருடைய கை பிடி மாறாமல் ஒரே பட்டையில் கிடந்ததைக் கம்பி வேலியோரம் நின்று பார்த்தபோது, சுண்ணாம்பு வாளி நினைவுக்கு வந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 2008இல், அரையிறுதியில் கார்லோஸ் மோயாவோடு ஏறத்தாழ நான்கு மணிநேரம் போராடி வென்று, மறுநாள் இறுதியாட்டத்தில் மிகயீல் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்ற ரஃபேல் நடால் முற்றிலும் வேறொரு கையைக் காட்டினார். இடக்கையரான அவருடைய ஃபோர்ஹேண்ட் பிடி கீழிறங்கி, மட்டை பந்தின் அடியிலிருந்து மேலேறி உரசிச் செல்லும் வகையில் அமைந்தது. அதனால் எழும் முன்சுழற்சி பந்தை உயரப் பறக்கவிட்டு, கோட்டுக்குள் திடீரென்று இறங்கச் செய்கிறது. நரம்பும் சட்டமும் தரையும் மாறியதால்தான் நான்காம் பட்டை உலகெங்கும் பொதுவழக்காயிற்று. அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அதே நடால் சர்வீஸுக்கு நின்றபோது கை இரண்டாம் பட்டைக்குப் போயிற்று.

கடந்த சில ஆண்டுகளாக இக்கட்டுரையாளர் ஒரு கல்லூரித் திடலில் காலை வேளைகளில் புதியவர்களுக்கு உதவிவருகிறார். குழந்தைகளுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எனப் படிப்படியாக வேகம் கூடும் மென்பந்துகள் வந்திருப்பது பெரும் நன்மை. பச்சைப் புள்ளியிட்ட பந்து வழக்கமான பந்தைவிட ஏறத்தாழ 25 விழுக்காடும், ஆரஞ்சு 50 விழுக்காடும் மெதுவானவை. வழக்கமான பந்து குழந்தையின் தோளுக்கு மேல் எழும். அதை அடிக்கக் கை தானாகவே நான்கையும் ஐந்தையும் தேடி இறங்கிவிடும். வயதுவந்த புதியவர்களுக்கும் முதல் மாதத்தில் பச்சைப் பந்தைக் கொடுக்கலாம் என்பது அவர் கருத்து. கௌரவம் பார்ப்பவர்களே இதற்குத் தடை. இன்றைய பயிற்சியாளர் பலர் ஃபோர்ஹேண்டைச் செமி-வெஸ்டர்னிலேயே தொடங்குகின்றனர். நாற்பது வயதுக்குமேல் தொடங்குவோருக்கு ஈஸ்டர்ன் பிடியே தோளுக்கும் முழங்கைக்கும் இதமானது என்று அவர் கண்டிருக்கிறார். இரு கைப் பேக்ஹேண்டில் கீழ்க்கை இரண்டாம் பட்டையில் நிற்க, மேற்கை இடக்கையரின் ஈஸ்டர்ன் ஃபோர்ஹேண்ட் போல அமைந்து அடியின் பெரும்பகுதியைச் செய்ய வேண்டும் என்பதும், ஃபோர்ஹேண்ட் எப்படியிருந்தாலும் சர்வீஸின் பிடியை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும் அவர் விட்டுக்கொடுக்காதவை.

சென்ற ஆண்டு சேர்ந்தவர்களுள், பள்ளியாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையாரும் இருந்தார். மூன்றே வாரங்களில் பந்தைத் தள்ளி விளையாடப் பழகி, எதிராளிகளைத் தோற்கடிக்கவும் தொடங்கியிருந்தார். அவருடைய கைப்பையில் பழைய வழக்கமாக ஒரு சுண்ணக்கட்டி இருந்தது. அதையே வாங்கி, "டீச்சர், கையைக் காட்டுங்க" என்று அவர் அடிமூட்டில் தேய்த்தபோது, மாணவர் செய்யும் குறும்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கறுப்பு மேல்நாடாவில் வெண்பொடி நான்காம் பட்டையின் அடிவிளிம்பில் விழுந்திருந்தது. "சார், இப்படியேதானே ஜெயிச்சுக்கிட்டிருக்கேன்?" என்றார். பின்பு, தாமே இடக்கையால் மட்டையின் கழுத்தைப் பற்றித் திருப்பி, விரல்களை மூடி, சற்று நேரம் அந்தப் புதுமையைக் கையில் உணர்ந்து நின்று, பந்தை மேலே தூக்கிப்போட்டு அடித்தார். பந்து இடப்புறமாகச் சீறி விலகி, கம்பி வேலியில் மோதி விழுந்தது. அவர் பந்து போன திசையைப் பார்க்கவில்லை. மட்டையை இறக்கி, விரல்களை மெல்ல விரித்துப் பார்த்தார். வெண்பொடி இரண்டாம் பட்டையில்தான் இருந்தது. அடுத்த பந்துக்காக இடக்கையை நீட்டினார்.